பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக

ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் டெல்டாவே சந்தோஷப்படும். எனக்கு மட்டும் வயிற்றில் புளி கரையும். கடைமடை வாய்க்கால்வரை தண்ணீர் வந்து சேரும் நாட்களில்தான், "டாக்டர், தண்ணியில விழுந்துட்டான்" என்று சொட்டச் சொட்டப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். வழியிலேயே தலைகீழாகப் பிடித்துச் சுற்றி, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கப் பார்த்திருப்பார்கள். மூச்சு கொடுக்க வேண்டிய நிமிடங்கள் அதில் போயிருக்கும்.

சரி, ஆஸ்பத்திரிக்குள் வந்த பிறகு நாம் எப்படி?

நான் குழந்தை மருத்துவர். சில வருடங்களாகச் சின்ன மருத்துவமனைகளுக்குப் பொம்மையோடு போய் உயிர்மீட்புப் பயிற்சி கொடுக்கிறேன். பொம்மை என்றதும் சில சீனியர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். 1960-இல் மூச்சு கொடுத்துப் பழக ஆளுயரப் பொம்மையைக் கொண்டுவந்த நார்வேக்காரர் ஆஸ்மண்ட் லேர்டாலே விளையாட்டுப் பொம்மை செய்துகொண்டிருந்தவர்தான். இன்று விலை கூடிய குழந்தைப் பொம்மைகள் அழும், உதடு நீலம் பூக்கும், நாடி துடிக்கும். என்னுடையது அழாது. மார்பு ஏறி இறங்கும், அதுவும் மூச்சு கொடுக்கும் மாஸ்க்கைச் சரியாகப் பிடித்தால்தான். நம் தேவைக்கு அது போதும்.

போன ஆடியில் ஓர் ஊரில், இரவு ஷிப்டில், அவசரப் பிரிவுக் கட்டிலில் அதைக் கிடத்தினேன். "1 வயது, 10 கிலோ, வாய்க்காலில் விழுந்தது. மூச்சு இல்லை, நாடி இல்லை." டியூட்டி டாக்டர் கெட்டிக்காரர், விதிமுறையைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார். நேராக மார்பை அழுத்த ஆரம்பித்தார். தண்ணீரில் மூழ்கிய பிள்ளைக்கு முதலில் வேண்டியது மூச்சு. கையால் அமுக்கிக் காற்று கொடுக்கும் ஆம்பு பேக்கை எடுத்த சிஸ்டர் கையில் அகப்பட்டது பெரியவர்கள் மாஸ்க். அது கண்வரை மூடியது. அமுக்க அமுக்கக் காற்று பக்கவாட்டில் புஸ்ஸென்று போனது, மார்பு அசையவில்லை. குழந்தை மாஸ்க் அலமாரியில். அலமாரிச் சாவி பகல் ஷிப்ட் சிஸ்டரின் கைப்பையில்.

"அட்ரினலின் போடுங்க" என்றார் டாக்டர், சுவரைப் பார்த்து. நின்ற இதயத்தைத் தூண்டும் மருந்து அது. சிஸ்டர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் ஒருவர் மருந்து இருக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பியை, அதாவது ஆம்பூலை உடைத்து 1 மில்லியை அப்படியே ஏற்றினார்.

நம்மிடம் வரும் ஆம்பூலில் 1 மில்லியில் 1 மில்லிகிராம் இருக்கிறது. 9 மில்லி சலைன் சேர்த்து 10 ஆக்கி, அதிலிருந்து கிலோவுக்கு 0.1 மில்லி. 10 கிலோ பிள்ளைக்கு 1 மில்லி. அந்த சிஸ்டர் எண்ணைச் சரியாகத்தான் ஞாபகம் வைத்திருந்தார், கலக்கத்தான் மறந்துவிட்டார். பத்து மடங்கு மருந்து! அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. படிக்கிற காலத்தில், நிஜக் குழந்தையின் முன்னால், தொண்டைக்குள் பார்த்து மூச்சுக்குழாய் போட உதவும் லாரிங்கோஸ்கோப்போடு, அதுவும் பல்பு எரியாததோடு, நின்றவன் நான்.

பிறகு டீ குடித்துக்கொண்டே பேசினோம். பயிற்சியில் பாதி அதுதான். யார் தப்பு என்று கேட்டால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள் என்று கேட்க வேண்டும். "என் காதுல எதுவுமே விழல சார்" என்றார் அந்த டாக்டர்.

மறுபடி செய்தோம். இந்தத் தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டு அளவைச் சொன்னார். சிஸ்டர் அதைத் திருப்பிச் சொன்னார். 15 அழுத்தத்துக்கு 2 மூச்சு, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம், மார்பின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம். மார்பு ஏறியதும் ஆயாம்மாதான் முதலில் "ஏறுது, ஏறுது" என்று கத்தினார்.

நகரத்து அரங்கில் நடக்கும் பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே எல்லா அளவு மாஸ்க்கும் மேசைமேல் அடுக்கியிருக்கும், சாவியைத் தேட வேண்டியதில்லை. நம் வார்டில், நம் ஆட்களோடு, இரவு ஷிப்டில் செய்து பார்த்தால்தான் எது எங்கே மாட்டுகிறது என்று தெரியும்.

3 மாதம் கழித்து அங்கே போனேன். அலமாரியில் பூட்டு இல்லை. அட்ரினலின் டப்பாவில் '1 + 9' என்று பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். குழந்தை மாஸ்க் மட்டும் பெரியவர்கள் மாஸ்க்குகளோடு கலந்து கிடந்தது. காரிலிருந்து பொம்மையை இறக்கினேன்.