பிறப்புறுப்பு மரு: கிருமிக்கு மாத்திரை இல்லை, மருவுக்கு வழி உண்டு

"ஹெச்பிவி பாசிட்டிவ்" (ஹ்யூமன் பாப்பிலோமா வைரஸ் என்ற கிருமி உடலில் இருக்கிறது) என்ற அறிக்கையோடு வரும் பெண்கள் முதலில் கேட்பது, எந்த மாத்திரை சாப்பிட்டால் போகும் என்றுதான். அப்படியொரு மாத்திரை கிடையாது. பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் உடலே கிருமியை அடக்கிவிடும். சிகிச்சை தருவது மருவுக்கும், கருப்பைவாயில் ஏற்படும் செல் மாற்றத்துக்கும்தான். இரண்டும் ஒன்றல்ல: மரு பெரும்பாலும் இந்தக் கிருமியின் 6, 11 வகைகளால் வருகிறது, புற்றுநோய் வரை கொண்டுபோகக்கூடியவை 16, 18 போன்றவை.

வெளிப்புறத்தில் சில மருக்கள் மட்டும் இருந்தால் இமிக்விமோட் 5% கிரீம் போதும். வாரத்தில் மூன்று இரவு, ஒருநாள் விட்டு ஒருநாள், மெல்லிசாகத் தடவி, 6 முதல் 10 மணி நேரம் கழித்து சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அதிகபட்சம் 16 வாரம். பலர் சிவந்து எரிந்ததுமே "ஒத்துக்கொள்ளவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். லேசான சிவப்பு எதிர்பார்த்ததுதான். புண்ணானால் சில நாள் நிறுத்தி, ஆறியதும் தொடரலாம். இந்தக் கிரீம் ஆணுறையைப் பலவீனமாக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொரு பூச்சு மருந்து பொடோஃபில்லாடாக்சின் 0.5%. காலையும் மாலையுமாக 3 நாள், பிறகு 4 நாள் ஓய்வு. இப்படி நான்கு சுற்று வரை. ஒருநாளைக்கு அரை மில்லியைத் தாண்டக் கூடாது. தனக்குத்தானே பார்த்துப் பூசுவது பெண்களுக்குக் கடினம். சுற்றியுள்ள நல்ல தோல் வெந்துபோவது அதனால்தான். முதல் முறை மருத்துவரிடமோ செவிலியரிடமோ பூசிக் காட்டச் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது.

கர்ப்பிணிகளுக்கு ஏற்றது டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம், 80–90%. மருத்துவர் மட்டுமே வைக்க வேண்டும். தண்ணீர்போல ஓடக்கூடியது என்பதால், சுற்றிலும் வாசலின் தடவி, குச்சி நுனியில் ஒரு துளி எடுத்து வைப்போம். மரு வெள்ளையாக மாறி, காய்ந்த பிறகே எழுந்து உட்காரலாம். அதிகமாகப் பட்டுவிட்டால், அமிலத்தை முறிக்க உடனே ஆப்பசோடா போடுவோம். தேவைப்பட்டால் வாரம் ஒருமுறை.

திரவ நைட்ரஜனால் உறையவைப்பதும் கர்ப்பத்தில் செய்யலாம். ஆனால் உறையவைக்கும் உலோக முனையைப் பெண்ணுறுப்பின் உள்ளே வைத்தால் சுவர் துளையாகும் ஆபத்து உண்டு. கொத்தாகப் பெருத்தவற்றை மரத்துப்போக ஊசி போட்டு, வெட்டியோ மின்சூட்டால் பொசுக்கியோ எடுப்பதே விரைவு.

எந்த முறையானாலும் முதல் மூன்று மாதங்களில் திரும்ப வருவது சகஜம். கிருமி மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட அடங்கியிருக்கும். எனவே மருவைப் பார்த்துக் கணவன் மனைவி ஒருவரையொருவர் சந்தேகிப்பதில் நியாயமில்லை.

எருக்கம்பால், சுண்ணாம்பு, கால் ஆணிக்கு வாங்கிய மருந்து எதையும் அங்கே வைக்காதீர்கள், ஆழமாகப் புண்ணாகிவிடும். சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் புண்ணும் மரு போலவே தெரியலாம், அதனால் சிகிச்சைக்கு முன் அதைக் கண்டறியும் விடிஆர்எல் ரத்தப் பரிசோதனை அவசியம்.

மேலே சொன்ன கிரீம்கள் கருப்பைவாய்க்கு அல்ல. அங்கே ஏற்படும் செல் மாற்றத்தை சிஐஎன் 1, 2, 3 என்று லேசானதிலிருந்து தீவிரமானது வரை பிரிக்கிறோம். சிஐஎன் 1 என்றால் பெரும்பாலும் கண்காணித்தாலே போதும். சிஐஎன் 2, 3 என்றால், மாற்றம் முழுவதும் கண்ணுக்குத் தெரிந்து, புற்றுநோய்ச் சந்தேகமும் இல்லாதபோது வெப்பச் சிகிச்சை தரலாம்: சுமார் 100 டிகிரி, 20 முதல் 40 வினாடி. இல்லையேல் லீப் முறையில் மின்கம்பி வளையத்தால் வெட்டியெடுக்க வேண்டும். ஆழமாக வெட்டினால் பின்னாளில் குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பு கூடும். குழந்தை வேண்டும் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். பன்னிரண்டு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தே ஆகவேண்டும்.