கடத்தல்: ஒரே சொல், பல குற்றங்கள்

களியக்காவிளை எல்லையை ஒட்டி வாழ்கிறவர்களுக்குக் ‘கடத்தல்’ என்றதும் நினைவுக்கு வருவது ரேஷன் அரிசிதான். தமிழ்நாட்டில் விலையில்லாமல் கிடைக்கும் அரிசியை மூட்டை மூட்டையாகச் சேர்த்து, சோதனைச் சாவடிக்குத் தெரியாமல் ஊடுவழிகளில் கேரளத்துக்குக் கொண்டுபோய் விற்பது. செய்தித்தாளின் அதே பக்கத்தில் தங்கக் கடத்தல் இருக்கும், குழந்தைக் கடத்தல் இருக்கும், வெளிநாட்டு வேலையை நம்பிச் சிக்கிக்கொண்ட பையன்களின் கதை ‘ஆள் கடத்தல்’ என்ற தலைப்பில் இருக்கும். இவை ஒரே குற்றம் இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம்.

சொல்லின் வேர் ‘கட’. நட என்பதிலிருந்து நடத்து, கிட என்பதிலிருந்து கிடத்து வருவது போல, கட என்பதிலிருந்து கடத்து. கடக்கச் செய்வது என்று பொருள். அதில் குற்றம் எதுவும் இல்லை. பொழுதைக் கடத்துகிறோம், செம்பு மின்சாரத்தைக் கடத்துகிறது. ஓர் அரசு அயல்நாட்டவரை வெளியேற்றினால் அது ‘நாடு கடத்தல்’. சட்டப்படி நடக்கும் வேலை. எல்லைக்கு அந்தப் பக்கம், மலையாளத்தில் ‘கடத்து’ என்றால் ஆற்றைக் கடக்க உதவும் படகுப் போக்குவரத்து. அந்தப் படகுதான் ‘கடத்துவள்ளம்’. அதனால்தான் குற்றத்தைச் சொல்லும்போது மலையாளத்தில் ‘கள்ளக்கடத்து’ என்று முன்னால் ஒரு ‘கள்ள’ சேர்கிறது. இலங்கைத் தமிழரும் ‘கள்ளக்கடத்தல்’ என்கிறார்கள். நாம் அந்த அடைமொழியை விட்டுவிட்டோம். விட்டதில் சொல் சுருங்கியது, பொருள் குழம்பியது.

ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு சொற்கள். ஸ்மக்ளிங் என்பது 17ஆம் நூற்றாண்டில் டச்சு, ஜெர்மன் கரையோரப் பேச்சிலிருந்து வந்தது. சுங்கத் தீர்வை கட்டாமல் மறைவாகச் சரக்கைக் கொண்டுபோவது. டிராஃபிக்கிங் என்பதன் மூலச்சொல்லுக்கு வணிகம் என்றே பொருள். ஐ.நா. பொதுச்சபை 2000 நவம்பரில் ஏற்று, அடுத்த மாதம் சிசிலியின் பலெர்மோ நகரில் நாடுகள் கையெழுத்திட்ட, நாடு கடந்த அமைப்புசார் குற்றத்துக்கு எதிரான உடன்படிக்கை இந்த வேறுபாட்டைச் சட்டமாகவே ஆக்கியது. ஆட்களை வணிகப்பொருளாக்குவதைத் தடுக்க ஓர் இணைப்பு நெறிமுறை, குடியேறிகளைக் கள்ளமாக எல்லை தாண்டவைப்பதைத் தடுக்க இன்னொரு நெறிமுறை. இந்தியா 2011இல் இவற்றை ஏற்றது.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? 2019 ஜனவரியில் கேரளத்தின் முனம்பம் துறையிலிருந்து நூறு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு ஒரு மீன்பிடிப் படகு நியூசிலாந்தை நோக்கிப் புறப்பட்டது. பலர் இலங்கைத் தமிழர். படகு இன்றுவரை கிடைக்கவில்லை. அவர்கள் பணம் கொடுத்து, போக விரும்பித்தான் ஏறினார்கள். இங்கே குற்றம் எல்லையைத் தாண்டவைத்ததில் இருக்கிறது. அப்படி ஏற்றிச் செல்லப்பட்டதற்காகப் பயணிகளைத் தண்டிக்கக் கூடாது என்கிறது குடியேறிகளுக்கான அந்த இரண்டாவது நெறிமுறை.

கம்போடியாவுக்கும் மியான்மருக்கும் போய் மாட்டிக்கொண்ட தமிழ்நாட்டு, கேரளத்து இளைஞர்களின் நிலை வேறு. டேட்டா என்ட்ரி வேலை என்று ஏஜென்ட் சொன்னார், டூரிஸ்ட் விசாவில் முறைப்படி விமானம் ஏறினார்கள். இறங்கியதும் பாஸ்போர்ட் பறிபோனது. ஆன்லைனில் ஆட்களை ஏமாற்றும் வேலையை அங்கிருந்த கும்பல் அவர்களிடம் அடித்து வாங்கியது. இங்கே எல்லையை யாரும் கள்ளத்தனமாகத் தாண்டவில்லை. ஏமாற்றி ஆள் சேர்த்ததும், சேர்த்தவரைச் சுரண்டியதும்தான் குற்றம். உள்ளூர்ச் செங்கல் சூளையில் ஒருவரை அப்படி அடைத்து வைத்தாலும் அதே குற்றமே. எல்லை என்ற ஒன்றே அதற்குத் தேவையில்லை.

ஆகவே, என் கருத்தில், டிராஃபிக்கிங் என்பதற்குக் ‘கடத்தல்’ பொருந்தாது. ‘ஆள் வணிகம்’ அல்லது ‘மனித வணிகம்’ என்பதே சரி. சரக்குக்குக் ‘கள்ளக்கடத்தல்’, கிட்நாப்புக்கு ‘ஆட்கடத்தல்’ என்று வைத்துக்கொள்ளலாம். முனம்பம் போன்றவற்றுக்குக் ‘கள்ளக் குடியேற்றக் கடத்தல்’. கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் குழப்பம் இல்லை. இவை எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கும் பெரிய வலையைச் சொல்ல ‘நாடு கடந்த அமைப்புசார் குற்றம்’ என்பது நல்ல ஆக்கம். ‘சர்வதேசக் கும்பல்’ என்பது தலைப்புக்குப் போதும், விளக்கத்துக்குப் போதாது.

ஏனென்றால், கும்பல் என்பதற்கே உடன்படிக்கையில் ஒரு வரையறை உண்டு: மூன்று பேரோ அதற்கு மேலோ, சில காலமாவது சேர்ந்து இயங்கி, ஆதாயத்துக்காகக் கடுங்குற்றம் செய்வது. தடுக்கும் வழியும் அந்த வரையறையிலிருந்தே வருகிறது. 2020 ஜூலையில் திருவனந்தபுரம் விமான நிலையத்தில், தூதரகத்துக்கு என்று வந்த பார்சலில் சுமார் 30 கிலோ தங்கம் பிடிபட்டது. தங்கத்தைப் பிடித்துவிடலாம், பணம் போட்டவரையும் வாங்கக் காத்திருந்தவரையும் அப்படிச் சோதனை மேசையில் பிடிக்க முடியாது. அதனால் குழுவில் சேர்வது, கறுப்புப் பணத்தை வெளுப்பாக்குவது, அதிகாரிக்கு லஞ்சம் கொடுப்பது, சாட்சியை மிரட்டுவது ஆகிய நான்கையும் தனித்தனிக் குற்றமாக்கச் சொல்கிறது உடன்படிக்கை. சொத்தைப் பறிமுதல் செய்யவும், நாடுகள் ஒன்றுக்கொன்று ஆதாரம் கொடுத்து உதவவும் வழி வைத்திருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் பிரிவுகள் வேறு வேறுதான். ஆட்கடத்தலுக்கு 137, ஆள் வணிகத்துக்கு 143, அமைப்புசார் குற்றத்துக்கு 111. வெளிநாட்டில் பிள்ளை சிக்கிக்கொண்ட ஒரு குடும்பம் ‘என் மகனைக் கடத்திவிட்டார்கள்’ என்று மட்டும் மனு எழுதினால், ‘அவராகத்தானே விமானம் ஏறினார்?’ என்ற கேள்வி வரும். அதற்குப் பதிலாக, என்ன வேலை என்று சொன்னது யார், பணம் எந்தக் கணக்குக்குப் போனது, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்தது யார், இப்போது கட்டாயப்படுத்திச் செய்யவைக்கும் வேலை என்ன என்று எழுத வேண்டும். 143ஆம் பிரிவு பார்ப்பது இவற்றைத்தான். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்து, அதையும் மனுவில் சேர்த்துவிடுங்கள்.