ஒரே நாடு ஒரே சந்தா: ஆய்விதழ் யாருக்கெல்லாம் கிடைக்கும்?

தேவையான ஆய்வுக் கட்டுரையை ஒருவழியாகக் கண்டுபிடித்துத் திறந்தால், ஆய்வுச் சுருக்கத்தோடு பக்கம் நின்றுவிடும். மீதியைப் படிக்க டாலரில் காசு கேட்கும். எழுதியவர் நம் ஊர்க்காரர், ஆய்வு நடந்தது அரசுப் பணத்தில் என்றாலும் இதே கதைதான். இந்தச் சிக்கலைப் பாதி தீர்க்க வந்ததுதான் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம்.

மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று இதற்கு ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு. எல்சேவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி உள்ளிட்ட 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டுகிறது. பெரிய நிறுவனங்களில் மட்டுமே புரண்ட இதழ்கள், இப்போது மாவட்டத்து அரசுக் கலைக் கல்லூரிக்கும் வந்துசேர வழி பிறந்திருக்கிறது.

பயன் யாருக்கு? மத்திய, மாநில அரசுகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும். மொத்தம் 6,300-க்கு மேல். தனியார் கல்லூரிகள் இப்போதைக்குப் பட்டியலில் இல்லை. சுயநிதிக் கல்லூரிகள் தெருவுக்குத் தெரு இருக்கும் தமிழ்நாட்டில் இது சின்னக் குறை இல்லை.

மாணவர் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. அவருடைய நிறுவனம் திட்டத்தின் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நிர்வாகம் காந்திநகரில் உள்ள, பல்கலைக்கழக நூலகங்களை இணையத்தில் இணைக்கும் இன்ஃபிலிப்நெட் மையத்திடம். வளாக இணைய இணைப்பில் இதழ் திறக்கவில்லை என்றாலோ வீட்டிலிருந்து படிக்க வேண்டும் என்றாலோ முதலில் கேட்க வேண்டியது கல்லூரி நூலகரிடம்தான்.

சரி, எந்தக் கல்லூரியிலும் இல்லாதவர் என்ன செய்வது? மொத்தமாகச் சந்தா கட்டினாலும் பூட்டு பூட்டுத்தான்; சாவி இன்னும் கொஞ்சம் பேர் கைக்குப் போயிருக்கிறது. பூட்டையே எடுக்கப் பார்த்தது இதற்குப் பத்தாண்டு முந்தைய விதி. உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரில் கொண்டுவந்த திறந்த அணுகல் கொள்கை அது. இந்தத் துறைகளின் நிதியில் ஆய்வு செய்தவர், இதழ் ஏற்றுக்கொண்ட இறுதிக் கைப்பிரதியை இரண்டு வாரத்துக்குள் எல்லோரும் படிக்கக்கூடிய இணையக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும். பதிப்பகம் காத்திருக்கச் சொன்னால், அந்தக் காலம் முடிந்ததும் எல்லோருக்கும் திறக்கலாம். விதி நல்ல விதிதான். கட்டுரை வெளியானதும் கைப்பிரதியை மறந்துவிடும் பழக்கம்தான் குறுக்கே நிற்கிறது.

முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிப்படி பல்கலைக்கழகங்கள் மின்பிரதியை இன்ஃபிலிப்நெட்டுக்கு அனுப்ப வேண்டும். அவை ‘ஷோத்கங்கா’ தளத்தில் ஏறுகின்றன. யாரும் இலவசமாகப் படிக்கலாம். ஆகவே கட்டுரை பூட்டிக் கிடந்தால், அதே ஆசிரியரின் ஆய்வேடு அங்கே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அவருக்கே ஒரு மின்னஞ்சல் போட்டுப் பிரதி கேட்கலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை.