உமிச்சாம்பல் கழிவா, சரக்கா?

கிளிநொச்சியில் அரிசி ஆலை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "நெல் அவிக்கிற கொதிகலனுக்கு உமிதான் எரிக்கிறம். மிஞ்சுற சாம்பலைச் சீமெந்துக் கல் அரியிற ஒருத்தர் கேக்கிறார். குடுத்தா அது வியாபாரமோ, கழிவு கொட்டுறதோ?"

100 கிலோ நெல்லில் ஏறக்குறைய 20 கிலோ உமி. அதை எரித்தால் 4 கிலோ சாம்பல். காலபோக அறுவடை முடிந்ததும் ஆலைகளின் பின்பக்கம் மேடு கட்டுவது அதுதான்.

அதில் பெரும்பங்கு சிலிக்கா, மணலில் இருக்கிற அதே பொருள். வயல் நீரில் கரைந்திருப்பதை வேரால் உறிஞ்சி, நெற்பயிர் உமியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. உமி கையில் அறுப்பதும் அதனால்தான். ஏறக்குறைய 700 பாகை செல்சியசுக்குக் கீழே எரிந்தால் அந்தச் சிலிக்காவின் அணுக்கள் கண்ணாடியில் போல ஒழுங்கின்றிக் கிடக்கும். சாம்பல் முழுக்க நுண்துளைகள். சீமெந்தில் தண்ணீர் பட்டதும் உள்ளே சுண்ணாம்பு உண்டாகும். அது கல்லுக்குப் பெரிய வலுத் தராது. அரைத்த சாம்பல் அந்தச் சுண்ணாம்பைப் பிடித்து, சீமெந்தை இறுக்குகிற அதே பசையாக்கிவிடும்! சூடு மிஞ்சினால் அணுக்கள் வரிசைகட்டிப் பளிங்காகிவிடும். பளிங்கு சுண்ணாம்பைத் திரும்பியும் பாராது. அதன் தூசு நுரையீரலுக்கும் கேடு.

சரி, சட்டம்? 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டப்படி, கழிவென்று விதித்த பொருட்கள் கழிவு. அவற்றோடு, சூழலை மாற்றும் அளவிலோ விதத்திலோ அதில் விடப்படுவதும் கழிவு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008 கழிவுப் பணிப்புரையோ பொருளை வைத்திருப்பவர் வீசுகிறாரா, வீச எண்ணுகிறாரா என்று பார்க்கிறது. ஆக, குளக்கட்டில் கொட்டிய சாம்பலும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிய சாம்பலும் வேதியியலில் ஒன்று, சட்டத்தில் இரண்டு. சரக்கு என்ற பெயரில் கழிவு வருமோ என்ற சந்தேகமும் வீண் இல்லை. பிரித்தானியாவிலிருந்து இலங்கைக்குப் பழைய மெத்தை என்று வந்த கொள்கலன்களில் மருத்துவக் கழிவும் கிடந்தது. கடைசித் தொகுதி திரும்பிப் போக 2022 ஆயிற்று.

எனக்கென்றால், இந்த வரைவிலக்கணங்களில் எரித்த சூடும் ஒரு கேள்வியாக இருக்க வேண்டும். யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில், ஆலைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அளந்து பார்க்கக் கொஞ்சப் பணம் ஒதுக்கினால் என்ன?

வாசகரிடம் அடுப்பு எத்தனை பாகையில் எரிகிறது என்று கேட்டேன். நீராவி அழுத்தத்தை உடனே சொன்னார். அடுப்புக்குள் இதுவரை யாரும் அளந்ததில்லையாம்.