குடியரசு: சொல் விளக்கம்

ஜனவரி மாதம் டெல்லித் தமிழ் வீடுகளில் ஒரே நாளுக்கு மூன்று பெயர்கள் புழங்கும். ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்குக் குடியரசு தினம், ஆபீஸ் போகிறவர்களுக்கு ரிபப்ளிக் டே, பள்ளியில் ஹிந்திக் கட்டுரை எழுதும் பிள்ளைகளுக்கு கண்தந்த்ர திவஸ். மூன்று சொல்லுக்கும் வேர் வேறு வேறு.

ரிபப்ளிக், லத்தீனின் ரெஸ் பப்ளிகாவிலிருந்து வந்தது. பொதுக் காரியம் என்று பொருள். நாடு ராஜாவின் பூர்வீகச் சொத்து அல்ல, எல்லாருக்கும் பொது. ஹிந்திச் சொல்லில் உள்ள 'கண' என்றால் கூட்டம். பழங்காலத்தில், இன்றைய பீகாரிலுள்ள வைசாலியில் லிச்சவி குலத்தார் சபை கூடி ஆண்ட காலத்து வாசனை அதில் இருக்கிறது.

எனக்குச் சுவை அதிகம் தமிழ்ச் சொல்லில்தான். குடி என்பது வீடு, குடும்பம், குலம். அப்புறம் அரசனுக்கு உட்பட்ட மக்கள். 'படைகுடி கூழ்அமைச்சு நட்பரண் ஆறும் உடையான் அரசருள் ஏறு' என்கிறது குறள். அங்கே படையோடும் கோட்டையோடும் குடியும் மன்னனின் உடைமைகளில் ஒன்று. குடியரசு என்றதும் அந்தக் குடியே அரசாகிவிடுகிறது. எதிர்ச்சொல்லான முடியரசுக்கும் இதற்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம். 1950இல் இந்தியா குடியரசு ஆனதற்காகச் செய்த சொல்லும் அல்ல. 1925இல் பெரியார் தொடங்கிய வார இதழின் பெயரே 'குடி அரசு'. (குடி என்றதும் சிரிப்பவர்களுக்கு: குடியரசு தினத்தன்று டெல்லியில் மதுக்கடை கிடையாது.)

சரி, குடியரசும் மக்களாட்சியும் ஒன்றா? மேடையில் ஒன்றாகத்தான் பேசுகிறார்கள், ஆனால் இல்லை. நாட்டின் தலைமைப் பதவி பரம்பரையாக வராது என்பது குடியரசு. ஆளுகிறவர்களை மக்களே தேர்ந்தெடுப்பது மக்களாட்சி. பிரிட்டனில் இரண்டாவது உண்டு, முதலாவது இல்லை. வட கொரியாவின் பெயரில் இரண்டுமே உண்டு. தலைமை என்னவோ தாத்தா, அப்பா, மகன் என்றுதான் போகிறது.

அரசியல் நிர்ணய சபையிலும் இந்தப் பேச்சு வந்தது. 1946 டிசம்பர் 13 அன்று நேரு கொண்டுவந்த குறிக்கோள் தீர்மானத்தில் குடியரசு இருந்தது, ஜனநாயகம் என்ற சொல் இல்லை. குடியரசு என்றாலே அது அடங்கிவிடுகிறது என்றார் நேரு. கடைசியில் அரசியல் சட்டத்தின் முகப்புரையில் இரண்டையும் சேர்த்தே எழுதினார்கள். நல்ல வேலை செய்தார்கள்.

சுதந்திரம் வந்த பிறகும் சட்டப்படி பிரிட்டனின் ஆறாம் ஜார்ஜ்தான் நமக்கு மன்னர். அவர் சார்பில் கடைசி கவர்னர் ஜெனரலாக இருந்தவர் ராஜாஜி. 1950 ஜனவரி 26 காலை, இன்றைய ராஷ்டிரபதி பவனின் தர்பார் ஹாலில், இந்தியா குடியரசு ஆனது என்ற அறிவிப்பை அவர்தான் வாசித்தார். ராஜேந்திர பிரசாத் நாட்டின் முதல் தலைவராகப் பதவியேற்றார். அந்தப் பதவியை அன்றைய தமிழ்ப் பத்திரிகைகள் ஜனாதிபதி என்று எழுதின. இலங்கையில் இன்றும் அதுதான். இங்கே குடியரசுத் தலைவர் நிலைத்துவிட்டது. அவரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போடுவது நாம் அனுப்பிய எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும். டெல்லி எம்.எல்.ஏ.க்களுக்கு அந்த உரிமை 1992இல் செய்த திருத்தத்தால் கிடைத்தது.

எழுதும்போது ரிபப்ளிக் என்பதற்குக் குடியரசு, டெமாக்ரசிக்கு மக்களாட்சி அல்லது ஜனநாயகம் என்று வைத்துக்கொள்ளலாம். குடியாட்சி என்றும் சிலர் எழுதுகிறார்கள். இரண்டில் எதைச் சொல்கிறார்கள் என்று பிடிபடாது, அதை விட்டுவிடலாம்.