ஒற்றை மறுப்புக் குரல் என்ன செய்கிறது?

ஓர் அட்டையில் ஒரு கோடு. இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். இந்த மூன்றில் எது முதல் கோட்டின் நீளத்துக்குச் சமம் என்று சொல்ல வேண்டும். தனியாக விடை சொல்லும்போது நூறு பதிலில் ஒன்றுகூடத் தவறாது. அவ்வளவு சுலபம்.

1950-களில் அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் இதையே ஒரு குழுவில் வைத்துக் கேட்டார். ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் அவர் முன்கூட்டியே பேசிவைத்த ஆட்கள். ஒருவர் பின் ஒருவராக, துளித் தயக்கமும் இல்லாமல், ஒரே தவறான கோட்டைச் சொன்னார்கள். பிறகு விஷயம் தெரியாத அந்த ஒருவரின் முறை வரும். இப்படி நடந்த சுற்றுகளில் ஏறக்குறைய 37 சதவீதப் பதில்கள் கூட்டத்தின் பக்கம் சாய்ந்தன. நான்கில் மூவர் ஒரு தடவையாவது தம் கண் கண்டதைக் கைவிட்டார்கள். பிறகு விசாரித்தபோது, தம் பார்வையில்தான் கோளாறு என்று நினைத்ததாகச் சிலர் சொன்னார்கள். விடை தெரிந்தும் தனித்துத் தெரியக் கூசியவர்களும் உண்டு. கடைசிவரை அசையாத நான்கில் ஒருவரைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை.

என்னைக் கேட்டால், இந்த ஆய்வின் உயிர்நாடி அடுத்து ஆஷ் செய்து பார்த்ததில் இருக்கிறது. சரியான விடையைச் சொல்லும் ஒரே ஓர் ஆளைக் குழுவில் சேர்த்தார். கூட்டத்துக்குப் பணிவது சுமார் கால் பங்காகக் குறைந்தது. அந்த ஆள் பாதியில் பெரும்பான்மையோடு சேர்ந்துகொண்டால் தவறுகள் மறுபடி ஏறின. இன்னொரு முறை, மாற்றிப் பேசுபவர் கூட்டத்தைவிடவும் மோசமான தவறைச் சொன்னார். அப்போதும் பணிவது வெகுவாகக் குறைந்தது! எதிர்ப்பவர் சொல்வது சரியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. எல்லோரும் ஒரே மாதிரி நினைக்கிறார்கள் என்ற தோற்றம் உடைந்தால் போதும், பக்கத்தில் இருப்பவர் தன் கண்ணை நம்பத் தொடங்குகிறார்.

ஆனால் எண்ணிக்கையில் குறைந்தவர்கள் மற்றவர்களைத் தம் பக்கம் இழுக்க அது போதாது, உறுதியும் வேண்டும். 1969-இல் பிரெஞ்சு உளவியலாளர் செர்ஜ் மொஸ்கொவிசியின் ஆய்வுக் குழு ஆறு பேரில் இருவரை, நீல நிறப் படங்களைப் பச்சை என்று சொல்ல வைத்தது. இருவரும் விடாமல் அதையே சொன்னபோது மற்றவர்களின் பதில்களில் சுமார் 8 சதவீதம் பச்சைக்கு மாறியது. அவர்கள் மாற்றி மாற்றிப் பேசியபோது அது ஒரு சதவீத அளவில் நின்றுவிட்டது.

கூட்டங்களில் வேண்டுமென்றே ஒருவரை எதிர்த்துப் பேச நியமிக்கும் வழக்கம் உண்டு. அமெரிக்க உளவியலாளர் சார்லன் நெமெத்தின் ஆய்வுகள் இதன் பலனைச் சந்தேகிக்கின்றன. மனதார மறுப்பவரைக் கேட்டவர்களிடம் புதிய யோசனைகள் கூடுதலாகப் பிறந்தன. மறுப்பதுபோல் நடித்தவரைக் கேட்டவர்களோ, ஏற்கெனவே தமக்கிருந்த கருத்துக்கே மேலும் காரணங்களைத் தேடினார்கள்.