ரிப்போர்ட்டில் 1:180 என்று வந்தால்

வெள்ளிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு லேபிலிருந்து வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் போகிறது, அதுவும் கணவரின் நம்பருக்கு. கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்தில் எடுக்கும் டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனை, டவுன் சிண்ட்ரோம் (ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வருவது) 1:180, சிவப்பு எழுத்தில் 'ஹை ரிஸ்க்'. திங்கட்கிழமை என் முன்னால் வந்து உட்கார்ந்த அந்தப் பெண் இரண்டு நாளாகத் தூங்கவில்லை. கூகுளில் தேடி, "எங்க பக்கம் யாருக்கும் இப்படி இல்லையே" என்று மாமியாரிடம் பேச்சு வாங்கி, குழந்தைக்குக் குறை இருக்கிறது என்றே முடிவு கட்டியிருந்தாள்.

"இதே நம்பர் வந்த 180 பேரை ஒரு கல்யாண மண்டபத்துல உட்கார வெச்சா, அதுல ஒருத்தர் குழந்தைக்குத்தாம்மா டவுன் சிண்ட்ரோம் இருக்கும், மிச்சம் 179 பேருக்கு இருக்காது" என்றேன். அதற்கப்புறம்தான் அழுதாள்.

இந்த நம்பரைத் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்களும் உண்டு. "அக்காவுக்கு 2000 வந்துச்சு, எனக்கு வெறும் 50தானே, நல்லதுதானே டாக்டர்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டவரும் உண்டு. ஐம்பதில் ஒருவர் என்பது இரண்டாயிரத்தில் ஒருவர் என்பதைவிட அதிக வாய்ப்பு.

11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள் எடுக்கும் ஸ்கேனில் குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் இருக்கும் நீரின் அளவு, தாயின் ரத்தத்தில் இரண்டு பொருட்கள், தாயின் வயது, இவற்றை வைத்து கம்ப்யூட்டர் போடும் கணக்கு இது. குழந்தையின் குரோமோசோமை யாரும் பார்க்கவில்லை. வாரமோ எடையோ தப்பாக எழுதியிருந்தால் கணக்கே மாறிவிடும், அதனால் நான் முதலில் பார்ப்பது லேபுக்குப் போன ஃபாரத்தைத்தான்.

ஆரம்பத்தில் நானும் "ஒண்ணுமில்லம்மா, பயப்படாத" என்று சொல்லி ஆம்னியோசென்டெசிஸுக்கு, அதாவது வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீரை எடுக்கும் பரிசோதனைக்கு, எழுதிக்கொடுத்தவள்தான். ஒண்ணுமில்லைன்னா வயிற்றில் எதுக்கு ஊசி? இப்போது எல்லாவற்றையும் சொல்கிறேன்: என்.ஐ.பி.டி. ரத்தப் பரிசோதனை இன்னும் துல்லியமானது, ஆனாலும் அதுவும் ஸ்கிரீனிங்தான், வாய்ப்பை மட்டுமே சொல்லும். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் 15 வாரத்துக்கு மேல் பனிக்குட நீரை எடுத்துப் பார்க்க வேண்டும், அதில் கரு கலையும் வாய்ப்பு கொஞ்சம் உண்டு. எதுவுமே வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு உரிமை இருக்கிறது. மாமியாரைக் கொஞ்ச நேரம் வெளியில் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் இதையெல்லாம் பேசுவேன். சில பேருக்குக் கோபம் வரும், வரட்டும்.

'லோ ரிஸ்க்' வந்தவர்களிடம் நாங்கள் யாரும் உட்கார்ந்து பேசுவதே இல்லை. "நார்மல்" என்று ஃபைலில் சொருகிவிடுகிறோம். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் பத்தில் ஒன்றை இந்தப் பரிசோதனை தவறவிடும். அதைக் கேள்விப்படாமலே பிரசவ அறைக்குப் போய், அங்கே குழந்தையைப் பார்த்துவிட்டு, "நார்மல்னு சொன்னீங்களே டாக்டர்" என்று ஒரு தாய் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.